மருந்தக்கா வரைந்த தும்பை

மருந்தக்காவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நகராட்சியில் களைக்கொல்லி தெளிப்பது அவள் வேலை. செடியைச் சாகடிக்கிற தண்ணீருக்கு மருந்து என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது, அந்தப் பேர் அவள் முதுகில் தொட்டியோடு சேர்ந்து ஏறிக்கொண்டது. பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. தெருவில் தவழ்கிற பிள்ளை முதல் தடி ஊன்றுகிற பெரியவர் வரை எல்லோருக்கும் அவள் மருந்தக்காதான்.

அந்த வேலைக்குப் பெண்களை எடுப்பதில்லை என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது. எங்கேயும் எழுதி வைத்த சட்டமல்ல, சூப்பர்வைசரின் வாயில் இருந்த சட்டம். தெருப் பெருக்க வந்து சேர்ந்தவள், தெளிக்கிறவர்களுக்குக் கூலி கூடுதல் என்று தெரிந்ததும் நேரே போய்க் கேட்டாள். "நிறைச்ச தொட்டிம்மா. நீ தூக்க மாட்டே" என்றார் அவர். அவள் நகராட்சி யார்டில் நிரப்பி வைத்திருந்த தொட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார்டை முழுசாய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அவருடைய மேசைமேல் பொத்தென்று வைத்தாள். டீ கிளாஸ் கவிழ்ந்து ரிஜிஸ்டர் நனைந்தது. "இறக்கி வைக்க வேற இடம் இருந்தா சொல்லுங்க சார், அங்க வைக்கிறேன்" என்றாள். அடுத்த வாரம் அவளுக்கு முகமூடியும் பூட்ஸும் கொடுத்தார்கள்.

பூட்ஸ் ஆம்பளை அளவு. மற்றவர்களாக இருந்தால் துணியைத் திணித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்கள். இவள் துணியையும் திணித்தாள், வாயையும் மூடவில்லை. தன் அளவில் ஒரு ஜோடி வரும்வரை தினமும் காலையில் சூப்பர்வைசருக்கு வணக்கம் சொல்வதற்குப் பதிலாக "பூட்ஸ் வந்துச்சா சார்?" என்று கேட்டாள். கடைசியில் அந்த மனுஷன் இவள் தலை தெரிந்தாலே எழுந்து பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார். அப்புறம் வந்தது பூட்ஸ்.

புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் இவளும் நாத்தனாரும்தான். நாத்தனார் கட்டிக்கொடுத்த இடத்தில் அடி வாங்கிப் பொறுக்கமாட்டாமல் ஒரு தையல் மெஷினோடு கிளம்பி வந்தவள். அவளை உள்ளே கூப்பிட்டு, மெஷினை ஜன்னல் ஓரமாய்ப் போட்டு, "இனிமே இதுதான் உன் வீடு, எவனாவது கேட்டா என்கிட்ட அனுப்பு" என்று சொன்னவள் மருந்தக்கா. அதற்கு நன்றியாக நாத்தனார் தினமும் இவளோடு சண்டை போடுவாள். சண்டை இல்லாத நாளில் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

வேலை இதுதான்: காலையில் யார்டில் மருந்தைக் கலக்கிக்கொண்டு, நடைபாதை ஓரம், சாக்கடை ஓரம், பார்க் வேலி ஓரம் என்று நடந்துகொண்டே இடது கையால் பம்பு அடித்து வலது கையால் தெளிக்க வேண்டும். யார்டைப் பொறுத்தவரை உலகத்தில் முளைப்பதெல்லாம் இரண்டே ஜாதி. ஒன்று அகல இலை, இன்னொன்று புல். இதற்கு ஒரு மருந்து, அதற்கு ஒரு மருந்து. பத்து வருஷத்துக்கு மேல் அவள் இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. இன்னும் தற்காலிக ஊழியர்தான். பெர்மனென்ட் ஆக்குவதற்கான ஃபைல் இப்போதுதான் ஒருவழியாகப் பெரிய அதிகாரியின் மேசைக்கு ஏறியிருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இப்படி இருக்கும்போதுதான் மதில் விவகாரம் வந்தது.

அவள் குடியிருந்த தெருவின் ஒரு பக்கம் முழுக்க பஸ் டெப்போவின் மதில். போஸ்டர் ஒட்டுகிறவர்களும் அவசரத்துக்கு ஒதுங்குகிற ஆண்களும் அதைப் பங்கு போட்டு அனுபவித்து வந்தார்கள். பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போய்ப் போய், ஒருநாள் பொறுமை போய் நகராட்சியில் ஏறி இறங்கி, சுவரில் படம் வரைய அனுமதி வாங்கிவிட்டார். தெருவே வரைய வேண்டும் என்பது அவர் திட்டம். உடனே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சலூன்காரருக்கு அருவியும் மானும் வேண்டும். இஸ்திரிக்காரருக்கு ரோஜாத் தோட்டம். டீச்சர் ஒற்றைக் காலில் நின்றார்.

"இந்தத் தெருவுல யாரும் விதைக்காம, யாரும் தண்ணி ஊத்தாம, தானா முளைக்குற பூ மட்டும்தான். ஆளுக்கு ஒண்ணு. போய்ப் பார்த்துட்டு வந்து நீங்களே வரையணும்."

"அப்போ களையை வரையச் சொல்றீங்க" என்றார் சலூன்காரர்.

"அதுல பூ இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? வரைங்க."

இன்னொரு விதியும் வைத்தார். கோடு போட்டவர் தன் பூவுக்குத் தானே நிறம் அடிக்கக் கூடாது, பக்கத்து ஆள்தான் அடிக்க வேண்டும். எதற்கு இந்தக் கோணல் விதி என்று தெரு முணுமுணுத்தது. ஆனால் அடுத்தவன் தன் பூவைக் கெடுத்துவிடுவானோ என்ற பயத்தில், ஒருவரும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. பேசாத வீடுகள்கூடப் பேசிக்கொண்டன. "ஐயோ, அது மஞ்சள் இல்லங்க, இன்னும் வெளுப்பு" என்று சொல்வதற்காவது வாயைத் திறக்க வேண்டியிருந்ததே!

சலூன்காரர் நெருஞ்சி வரைந்தார். இஸ்திரிக்காரருக்கு மூக்கிரட்டை. நாத்தனார் எருக்கம்பூ. அப்போதுதான் மருந்தக்கா தொட்டியைச் சுமந்துகொண்டு வேலை முடிந்து அந்த வழியாக வந்தாள்.

"எமன் வந்தாச்சு. எல்லாரும் பூவை மறைச்சுக்குங்க" என்றார் சலூன்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சாக்பீஸை நீட்டினார். "நீங்களும் ஒண்ணு வரையுங்க."

"எனக்கு வேற வேலை இருக்கு டீச்சர்."

"விடுங்க டீச்சர், அவ கை பட்டா சுவத்துல இருக்கிற பூவும் கருகிடும்" என்று சலூன்காரர் மறுபடியும் வாயைக் கொடுத்தார். சும்மா இருந்த மருந்தக்காவைச் சொறிந்துவிட்ட கதையாயிற்று. தொட்டியை இறக்கினாள். சாக்பீஸைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். மதில் அடியில் தும்பை வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. பார்க்கவே வேண்டியதில்லை, எத்தனை ஆயிரம் தும்பையைப் பார்த்தாயிற்று. விறுவிறுவென்று வரைந்தாள். நடுவில் ஒரு வட்டம். அதைச் சுற்றி வட்டமாய் வெள்ளை இதழ்கள். அதற்கு வெளியே நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு இலைகள்.

தெரு கிட்டே வந்து பார்த்தது. நாத்தனார்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணி, இது பூவா, சீலிங் ஃபேனா?"

சிரிப்பு அடங்குவதற்கு வெகுநேரம் ஆனது. மருந்தக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தும்பைடி. கண்ணு தெரியலையா? இப்படித்தான் இருக்கும்" என்றாள். "தண்டு எங்க?" என்றார் இஸ்திரிக்காரர். தண்டு எங்கே? அவளுக்குத் தெரியவில்லை. நின்றுகொண்டு, முகமூடிக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால் தெரிவதைத்தான் அவள் வரைந்திருந்தாள். கோட்டில் ஒரு பிசகும் இல்லை. மேலே இருந்து பார்த்தால் தும்பை அச்சு அசல் அப்படித்தான்.

வேறு யாராக இருந்தாலும் சாக்பீஸைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். மருந்தக்கா யூனிஃபார்மோடு தரையில் படுத்தாள். நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, குப்புறப் படுத்து, மோவாயை மண்ணில் வைத்துக்கொண்டு தும்பையைப் பார்த்தாள். தண்டு நிமிர்ந்து நின்றது. அதில் மாடி மாடியாகப் பூ. ஒவ்வொரு மாடியிலும் சின்னச் சின்ன வெள்ளை உதடுகள் வெளியே எட்டிப் பார்த்தன. ஓர் எறும்பு கீழ் மாடியிலிருந்து மேல் மாடிக்கு நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. எறும்பு உச்சிக்குப் போகும்வரை அவள் அசையவில்லை.

எழுந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, அதை யாருக்கும் காட்டப் பிடிக்காமல் முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா இதோட உச்சந்தலையை மட்டும்தான் பார்த்திருக்கேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

பக்கத்திலேயே இன்னொரு தும்பை வரைந்தாள், ஆள் உயரத்துக்கு, தண்டும் மாடியுமாக. சலூன்காரர் நல்ல பிள்ளையாக ஈரத் துணியைக் கொண்டுவந்து பழைய ஃபேனை அழிக்கப் போனார்.

"கையை எடுங்க" என்றாள் மருந்தக்கா. "அது நான் இத்தனை நாளாப் பார்த்தது. இது இன்னிக்குப் பார்த்தது. ரெண்டும் இருக்கட்டும்."

இரண்டுக்கும் வெள்ளை நிறம் அடித்துக் கொடுத்தது சலூன்காரர்தான். கத்தி பிடித்த கை, கோட்டை விட்டு ஒரு மயிரிழைகூட வெளியே போகவில்லை.

அதற்குப் பிறகு அவள் வேலையை விட்டுவிட்டாள் என்று சொன்னால் அது கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே! அடுத்த நாள் காலையிலும் தொட்டியை மாட்டிக்கொண்டுதான் போனாள். ஆனால் பம்பு அடிக்கிற கை முன்னைப் போல ஓடவில்லை. தெளிப்பதற்கு முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தாள். கூட வேலை செய்கிற நெட்டையன், "என்னக்கா, ஏதாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டான். "ஆமாடா" என்றாள்.

படம் முடிந்தது. மதில் முழுக்க ஆள் உயரப் பூக்கள், அதன் காலடியில், சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த மண் பட்டையில் அதே பூக்கள் நிஜமாக, எருக்கைத் தவிர மற்றதெல்லாம் கணுக்கால் உயரத்தில். யார் வந்தாலும் சுவரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்து, எது எதுவென்று விரல் நீட்டிக் கண்டுபிடித்தார்கள். சேதி நகராட்சி வரை போய், பெரிய அதிகாரியே அடுத்த வாரம் திறந்துவைக்க வருகிறார் என்று ஆனது. அந்தச் சேதி வந்த அன்று காலையே சூப்பர்வைசர் மருந்தக்காவை மேசைக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க தெரு மதிலுக்குக் கீழ ஒரே களையா கிடக்கு. நாளைக்குக் காலையில அடிச்சிடு. அப்பத்தான் சார் வர்றதுக்குள்ள கருகும், வாரிப் போட்டு செம்மண் கொட்டிடலாம். மண்வெட்டி வேண்டாம், அடிப்பக்கத்துப் பெயிண்ட் பேர்ந்துடும்."

மருந்தக்கா தன் காதில் விழுந்தது சரிதானா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். "சார், சுவத்துல இருக்குறதும் அதேதான்."

"அது படம்மா. இது களை."

"இதைப் பார்த்துத்தான் சார் அதை வரைஞ்சோம்."

"வரைஞ்சாச்சில்ல? அப்புறம் எதுக்கு இது?" என்றார் சூப்பர்வைசர். கெட்ட மனுஷன் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உன் ஃபைல் அவர் மேசையிலதான் இருக்கு. நேர்ல பார்த்து உன் வேலையைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வராது. பார்த்து நடந்துக்க" என்றார்.

நெட்டையன் வெளியே காத்திருந்து குறுக்கு வழி சொன்னான். தெளித்த இடம் தெரிவதற்காக மருந்தில் நீலச் சாயம் கலப்பார்கள். "வெறும் தண்ணியில சாயத்தைக் கலக்கி அடிச்சிடுக்கா. தரை நீலமாயிடும், சூப்பர்வைசர் பார்த்துட்டுப் போயிடுவாரு. செடி அப்படியே இருக்கும். மருந்து வேலை செய்யலன்னு சொல்லிடலாம்."

"அடிச்சும் சாகலைன்னா என்னடா பண்ணுவாங்க? இன்னும் காட்டமான மருந்தை வாங்குவாங்க. ஊர் முழுக்க அதைத்தான் அடிக்கச் சொல்லுவாங்க. அடிக்கலைன்னா அடிக்கலைன்னுதான் சொல்லணும்."

அன்று சாயங்காலம் நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டு இவளைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? பெர்மனென்ட் ஆனா சம்பளத்தோட லீவு. அந்த மருந்துப் புகையைக் குடிச்சு நீ இருமுற இருமலுக்கு ஒருநாள் படுத்து எழுந்திருக்க முடியுதா? காசை வெட்டிடுறான்னு காய்ச்சலோட போறே. ரோட்டுல முளைச்ச பூவுக்காக அதைத் தூக்கிப் போடுவியா?"

மருந்தக்காவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. அந்தக் கையெழுத்துக்காக எத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள் என்று அவளுக்கல்லவா தெரியும். "தூக்கிப் போடணும்னு எனக்கு மட்டும் ஆசையா?" என்றாள். "ஆனா என்னால அடிக்க முடியாதுடி. அவ்வளவுதான்." இரண்டு பேரும் சாப்பிடாமல் படுத்தார்கள்.

மறுநாள் யார்டில், எல்லோரும் மருந்து கலக்கிக்கொண்டிருக்கும்போது, அவள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "நான் அந்த மதிலடியில அடிக்க மாட்டேன் சார்." சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் சுதாரித்துக்கொண்டு நெட்டையனைப் பார்த்தார். "நீ போ." நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டு தொட்டியை மாட்டினான். அவனுக்கும் வீடு இருக்கிறது. சூப்பர்வைசரும் கூடவே ஸ்கூட்டரில் கிளம்பினார்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது மருந்தக்கா குறுக்குச் சந்து வழியாக ஓடிவந்து, பூக்களுக்கு நடுவே இடம் பார்த்துக் கால் வைத்து, மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமூடி இல்லை. பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"எழுந்திரும்மா."

"மாசா மாசம் நீங்கதானே சார் எங்களை நிக்க வெச்சுப் படிச்சுக் காட்டுறீங்க? அடிக்கிற இடத்துல முகமூடி இல்லாம ஒரு ஆள் இருந்தாலும் வால்வை மூடணும்னு."

நெட்டையன் சட்டென்று வால்வை மூடினான். "ரூல்ஸ் சார்" என்றான். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை முகமூடி மறைக்கவில்லை.

"எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பே? சாப்பிடப் போக மாட்டியா?" என்று சூப்பர்வைசர் ஸ்கூட்டரை நிழலில் நிறுத்தினார். அவரும் காத்திருக்கத் தயார்தான்.

அப்போது நாத்தனார் வந்தாள். இடுப்பில் ஒரு ஸ்டூல், தோளில் பட்டன் தைக்க வேண்டிய சட்டைகள். வரும்போதே திட்டிக்கொண்டு வந்தாள். "கொழுப்பெடுத்தவ. நேத்து ராத்திரியும் சாப்பிடல, காலையிலயும் சாப்பிடல. நீ போய்த் தின்னுட்டு வா. இங்க நான் உட்கார்ந்து தைக்கிறேன், வீட்டுல வெளிச்சம் பத்தலை." எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

சலூன்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போனார். வெளியே வரும்போது நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். அதில் உட்கார்ந்திருந்த ஆளும் கூடவே வந்தார், முகத்தில் பாதி சோப்போடு. "உள்ள ஒரே புழுக்கம் சார். காத்தோட்டமா செய்யலாம்னு" என்று சூப்பர்வைசரிடம் விளக்கம் வேறு. இஸ்திரி வண்டி நகர்ந்து வந்து மூக்கிரட்டைக்கு முன்னால் நின்றது. பதினோரு மணிக்கு டீச்சர் ஒரு வகுப்பையே வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்து மதில் நெடுக உட்கார வைத்துவிட்டார். யாரும் கோஷம் போடவில்லை, யாரும் கையை ஓங்கவில்லை. ஆளாளுக்கு அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகமூடி மட்டும் ஒருவருக்கும் இல்லை.

சூப்பர்வைசர் மாலை வரை இருந்து பார்த்தார். மறுநாளும் வந்து பார்த்தார். அதற்கு மறுநாள், இனி அடித்தாலும் கருக நேரமில்லை என்று கணக்குப் போட்டுவிட்டு வரவில்லை.

பெரிய அதிகாரி வந்தார், ரிப்பன் வெட்டினார், சுவரைப் புகழ்ந்தார். கீழே பார்த்தவர் முகம் சுளித்து, "இதை ஏன் சுத்தம் பண்ணலை?" என்று கேட்டார். சூப்பர்வைசர் கையைப் பிசைந்தார். மருந்தக்கா தானே முன்னால் வந்தாள். "அடிக்கச் சொன்னாங்க சார். நான்தான் மாட்டேன்னேன். கொஞ்சம் உட்கார்ந்து பாருங்க, ஏன்னு தெரியும்." அவர் உட்காரவில்லை. மடிப்புக் கலையாத பேண்ட். காரில் ஏறிப் போய்விட்டார்.

ஃபைல் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. மருந்தக்காவைத் தெளிப்பிலிருந்து எடுத்து சாக்கடை வாரும் கும்பலில் போட்டார்கள், கூலியும் குறைந்தது. நாத்தனார் இரண்டு நாள் மெஷின் சத்தத்துக்கு நடுவே அழுதாள். மருந்தக்காவும் அழுதாள். அந்தப் பட்டையில் யாரும் மருந்து அடிக்கவில்லை. அடிக்க வந்தால் சலூன் நாற்காலி வெளியே வந்துவிடும் என்று யார்டுக்கே தெரிந்திருந்தது.

சில மாதம் கழித்து சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார். அவருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

"இங்க பாரும்மா. ஒரே ஒரு வரி. தப்புதான், மன்னிச்சிடுங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. ஃபைலை மறுபடி நானே மேல அனுப்பி வாங்கித் தர்றேன். யாருக்கும் தெரியப் போறதில்லை."

மருந்தக்கா தாளைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள்.

"எதுக்கு சார் மன்னிப்பு? இத்தனை வருஷமா அடிச்சதுக்குன்னா சொல்லுங்க, இந்தத் தாள் பத்தாது, இன்னும் வாங்கி எழுதித் தர்றேன். அடிக்காததுக்கு எழுத மாட்டேன்."

பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, வாசலில் சாய்த்து வைத்திருந்த மண்வாரியை எடுத்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் நடந்தாள்.